நாற்பதைத் தாண்டினாலும் இணையச் சுடும் விளையாட்டில் ஈடுகொடுப்பது எப்படி?

காஹாங் – குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சிறு பட்டணம் காஹாங். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குச் செல்பவர்கள் பலர் இவ்வழியே போவார்கள். ஜொகூரின் மற்ற தோட்டப்புறங்களைப் போலவே இங்கும் பிள்ளைகள் பலர் படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறார்கள். அவர்கள் வீட்டோடு பேசுவதற்கு இப்போது தொலைபேசி அழைப்பு மட்டுமல்ல, இன்னொரு வழியும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒரே குழுவாகச் சேர்ந்து பப்ஜி மொபைலோ வேலோரண்டோ ஆடுவதுதான் அது.

அந்தக் குழுவில் அப்பாவும் மாமாவும் இருப்பது இன்று புதுமையல்ல. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மணிக்கு ஓரிரு வெள்ளி கொடுத்து சைபர் கஃபேயில் கவுண்டர் ஸ்டிரைக் ஆடிய தலைமுறை இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. விளையாட்டின் மீதான ஆசை அவர்களுக்குப் போகவில்லை. ஆனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே சுடப்பட்டு, மீதி நேரம் மற்றவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பலருக்குப் பழகிவிட்டது. "நீங்க பின்னாலயே இருங்கப்பா" என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கும்போது, இனி நமக்கு எதற்கு இது என்று ஒதுங்கிவிடுபவர்களும் உண்டு.

ஒதுங்கத் தேவையில்லை. வயதால் எது குறைகிறது, எது குறைவதில்லை என்று தெரிந்துகொண்டு ஆடும் முறையை மாற்றிக்கொண்டால், இளையோருக்கு ஈடுகொடுக்க முடியும்.

வேகம் உண்மையிலேயே குறைகிறதா?

குறைகிறது, அதுவும் நாம் நினைப்பதைவிட முன்னதாகவே. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் புகழ்பெற்றது. ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற வியூக விளையாட்டை ஆடும் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். திரையில் புதிய காட்சி தோன்றியதிலிருந்து ஆட்டக்காரர் முதல் செயலைச் செய்யும் வரை ஆகும் நேரம் சுமார் 24 வயதிலிருந்தே மெல்ல மெல்லக் கூடத் தொடங்குவதாக அந்த ஆய்வு கண்டது.

பலரும் இந்தச் செய்தியின் தலைப்போடு நின்றுவிடுகிறார்கள். ஆய்வில் இன்னொரு பாதியும் இருக்கிறது. ஒரே தர வரிசையில் இருந்த இளையவரையும் மூத்தவரையும் ஒப்பிட்டபோது மூத்தவர் சற்று மெதுவாகவே செயல்பட்டார். ஆனாலும் அவர் அதே தர வரிசையில்தான் இருந்தார். வேகத்தில் இழந்ததை அவர் வேறு வழியில் ஈடுகட்டியிருக்கிறார். குறுக்குவிசைகளைத் திறமையாகப் பயன்படுத்துவது, ஆட்டத்தை எளிமையாக வைத்துக்கொள்வது போன்றவற்றை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

இங்கு இன்னொரு வேறுபாட்டையும் அறிந்துகொள்ள வேண்டும். விளக்கு எரிந்ததும் ஒரே ஒரு பொத்தானை அழுத்து என்றால், பெரியவர் ஒருவருக்குச் சராசரியாகக் கால் விநாடி, அதாவது 250 மில்லி விநாடி அளவில் ஆகும். இந்த எளிய சோதனையில் இருபது வயதினருக்கும் நாற்பது வயதினருக்கும் உள்ள இடைவெளி பெரிதல்ல. விளக்கின் நிறத்தைப் பார்த்து நான்கு பொத்தான்களில் எதை அழுத்துவது என்று முடிவெடுக்கச் சொன்னால்தான் வயது தெரியத் தொடங்கும். நம் விரலை விட, முடிவெடுக்கும் நேரமே நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது. ஆகவே, சண்டை தொடங்குவதற்கு முன்பே முடிவை எடுத்து வைத்திருப்பவருக்கு வயது அவ்வளவாகத் தடையில்லை.

அறுபதைத் தாண்டியும் ஆடுபவர்கள்

சுவீடனில் 2017இல் 'சில்வர் ஸ்னைப்பர்ஸ்' என்ற அணி உருவானது. அதன் உறுப்பினர்கள் அனைவரும் அறுபது வயதைக் கடந்தவர்கள். கவுண்டர் ஸ்டிரைக் விளையாட்டில் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த டோமி இங்கெமார்சன் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். 'ட்ரீம்ஹேக்' போட்டிகளில் மூத்தோர் பிரிவில் அந்த அணி களமிறங்கியது.

ஜப்பானின் அகித்தா மாநிலத்தில் 2021இல் 'மத்தாகி ஸ்னைப்பர்ஸ்' என்ற அணி தொடங்கப்பட்டது. அறுபது வயதைத் தாண்டியவர்கள் வேலோரண்ட் ஆடும் அணி இது. மலைக்காடுகளில் வேட்டையாடிய மத்தாகி என்ற பாரம்பரிய வேட்டைக்காரர்களின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். ஜப்பானிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமான மாநிலம் அகித்தா. இளையோர் நகரங்களுக்குப் போய்விட, ஊரில் தங்கிவிட்ட மூத்தோர் பேரப்பிள்ளைகள் மதிக்கும்படி ஒன்றைச் செய்து காட்டுகிறார்கள். நம் தோட்டப்புறங்களின் நிலையும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

முழுநேர ஆட்டக்காரர்களிலும் எடுத்துக்காட்டு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபின் ஆண்டர்சன், 'கரிகன்' என்ற பெயரில் ஆடுபவர். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் 2022 மே மாதம் நடந்த கவுண்டர் ஸ்டிரைக் பெரும்போட்டியில் ஃபேஸ் அணி வென்றபோது அதன் தலைவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 32. பதினெட்டு, இருபது வயதினர் ஆதிக்கம் செலுத்தும் களத்தில் அது மூத்த வயது. அணியிலேயே மிகக் கூர்மையாகச் சுடுபவர் என்பதற்காக அவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. எங்கே போவது, எப்போது தாக்குவது, எதிரி அடுத்து என்ன செய்வான் என்று சொல்லக்கூடியவர் என்பதால் கிடைத்தது.

மில்லி விநாடிக் கணக்கு

வயது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு பகுதியைக் கருவியிடமிருந்தும் இணையத் தொடர்பிலிருந்தும் திரும்பப் பெறலாம்.

முதலில் 'பிங்'. நம் கருவியிலிருந்து விளையாட்டின் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம் இது. 20 மில்லி விநாடிக்கும் 120 மில்லி விநாடிக்கும் உள்ள வேறுபாடு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அப்படியிருக்க, வயதின் மேல் பழியைப் போடும் முன் பிங்கைப் பார்ப்பது நல்லது. ஜொகூர்காரர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. வேலோரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 ஆகியவற்றின் சர்வர்கள் பக்கத்துச் சிங்கப்பூரிலேயே இருக்கின்றன. வேலோரண்டில் ஆட்டம் தேடும் முன் சிங்கப்பூரை மட்டும் தேர்வு செய்து வைக்கலாம். கவுண்டர் ஸ்டிரைக் 2இல் ஏற்கத்தக்க அதிகபட்ச பிங் அளவைக் குறைத்து வைத்தால் தூரத்துச் சர்வர்களுக்கு அது நம்மை அனுப்பாது.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால், மோடத்திலிருந்து கணினிக்கு நேராகக் கேபிள் போடுவது வைஃபையை விட நிலையானது. கேபிளின் விலை சில வெள்ளிதான். தோட்ட வீடுகளில் கைப்பேசி அலைவரிசையை நம்பி ஆடுபவர்கள், வீட்டுக்குள் ஒவ்வோர் இடமாக நின்று பிங்கைச் சோதித்துப் பார்க்கலாம். முன்வாசலுக்கும் சமையலறைக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கும். அலைக் கோபுரம் இருக்கும் பக்கத்துச் சன்னலோரமே பெரும்பாலும் நல்ல இடம்.

அடுத்து திரை. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதிய படத்தைக் காட்டும். 120 ஹெர்ட்ஸ் திரைக்கு அது 8.3 மில்லி விநாடி. இப்போது நடுத்தர விலைக் கைப்பேசிகளிலும் 120 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது. ஆனால் அமைப்புகளில் அது அணைக்கப்பட்டிருக்கலாம்; போய்ப் பார்க்க வேண்டும். விளையாட்டுக்குள் படத் தரத்தைக் குறைத்து, விநாடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டி வைக்க வேண்டும். மின்னும் தண்ணீரும் அசையும் புல்லும் அழகுதான். ஆட்டத்துக்கு அவை தேவையில்லை. சூடேறிய கைப்பேசி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உறையைக் கழற்றிவிட்டு, சார்ஜ் ஏற்றாமல் ஆடுவது நல்லது.

கண்ணும் காதும்

நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து தொடங்குகிறது. கிட்டத்தில் உள்ளதைக் கண் முன்போல் தெளிவாகக் காணாது. கடையில் வாங்கும் படிப்புக் கண்ணாடி சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஏற்றது. கணினித் திரையோ 60, 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அதனால்தான் கண்ணாடி போட்டும் திரை மங்கலாகத் தெரிகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். கண் பரிசோதனைக்குப் போகும்போது, திரை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதை அளந்து சொன்னால் அதற்கேற்ற கண்ணாடியைத் தருவார்கள்.

வயதாக ஆக, மங்கிய பின்னணியிலிருந்து மங்கிய உருவத்தைப் பிரித்தறியும் திறனும் குறையும். சுடும் விளையாட்டில் நிழலில் நிற்பவன் தெரியாமல் போவது இதனால்தான். திரையின் வெளிச்சத்தைக் கூட்டலாம். வேலோரண்டில் எதிரியைச் சுற்றித் தெரியும் கோட்டின் நிறத்தைச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கோ ஊதாவுக்கோ மாற்றலாம். குறி வைக்கும் புள்ளியையும் பளிச்சென்ற நிறத்தில் வைக்கலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது விநாடி, ஆறு மீட்டருக்கு அப்பால் உள்ள ஒன்றைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

இதில் நம் சமூகம் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடையேதான் நீரிழிவு அதிகம். சர்க்கரை அளவு ஏறி இறங்கினால் பார்வையும் மாறும். நீண்ட நாள் கட்டுப்பாடின்றி இருந்தால் விழித்திரை பாதிக்கப்படும். திரை திடீரென மங்கினாலோ கண்ணுக்கு முன் கரும்புள்ளிகள் மிதந்தாலோ அது விளையாட்டின் கோளாறு அல்ல. உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

காதின் நிலையும் இதுவே. வயதாகும்போது முதலில் குறைவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். செம்பனை ஆலையில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். சுடும் விளையாட்டில் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்பதை முதலில் சொல்வது காலடி ஓசை. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இடம் வலம் சரியாகத் தெரியாது. இரு காதிலும் பொருந்தும் ஹெட்போன் வேண்டும். புளூடூத் ஹெட்போனில் ஓசை சற்றுத் தாமதமாக வரும். ஒயர் உள்ளதே மேல். கேட்கவில்லை என்று ஒலியை உச்சத்தில் வைத்தால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போகும். அதற்குப் பதில் விளையாட்டின் பின்னணி இசையை அணைத்துவிடலாம். பப்ஜி மொபைலில் அருகில் கேட்கும் காலடியும் வெடிச்சத்தமும் சிறு வரைபடத்திலும் காட்டப்படும். காது மந்தமானவர் அந்த மூலையை அடிக்கடி பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

உழைத்த கை

காலையில் குலை வெட்டிய கையும், நாள் முழுதும் லோரி ஓட்டிய தோளும், இரவு விளையாட உட்காரும்போது ஏற்கெனவே களைத்திருக்கும். மாணவனின் கைக்கு உரிய அமைப்பு இதற்குப் பொருந்தாது.

கணினியில் ஆடுபவர்கள் மௌஸின் உணர்திறனைக் குறைத்து, மணிக்கட்டை மட்டும் ஒடிக்காமல் முழங்கையிலிருந்து அசைத்துக் குறி வைக்கப் பழகலாம். மணிக்கட்டுக்கு வலி குறையும், குறியும் நடுங்காது. கைப்பேசியில் ஆடுபவர்கள் கைரோ வசதியை முயன்று பார்க்கலாம். கட்டைவிரலால் திரையைத் தேய்ப்பதற்குப் பதில், கைப்பேசியையே லேசாகச் சாய்த்துக் குறியைச் சரிசெய்யும் வசதி இது. தொலைநோக்கி வழியே பார்க்கும்போது மட்டும் இது வேலை செய்யும்படி வைத்துத் தொடங்கினால் பழகுவது எளிது. பொத்தான்களின் அளவைப் பெரிதாக்கி, இடத்தை ஒருமுறை முடிவு செய்தபின் மாற்றாமல் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு யூடியூபரைப் பார்த்து அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தால் விரல் எதையும் கற்காது.

கட்டைவிரல் அடியில் வலியோ, இரவில் விரல்களில் மரத்துப்போன உணர்வோ தொடர்ந்தால் சில நாள் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே சரி. அந்தக் கை நாளைக் காலை வேலைக்கும் வேண்டும்.

ஆட்டத்தை மாற்றினால்தான் பலன்

மேலே சொன்னவை எல்லாம் ஏற்பாடுகள். உண்மையான மாற்றம் ஆடும் முறையில்தான் வர வேண்டும்.

*குறியை முன்பே வைப்பது.* நடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு நடந்து, எதிரி வந்ததும் குறியைத் தலைக்கு ஏற்றுபவர் இரண்டு வேலை செய்கிறார். எப்போதும் தலை உயரத்தில், எதிரி தோன்றக்கூடிய மூலையிலேயே குறியை வைத்து நடப்பவருக்கு ஒரே வேலைதான், பொத்தானை அழுத்துவது. நாம் மேலே பார்த்த நான்கு பொத்தான் சோதனை இங்கே ஒரு பொத்தான் சோதனையாக மாறிவிடுகிறது.

*மூலையை விட்டுத் தள்ளி நிற்பது.* சுவரின் மூலையை ஒட்டி நிற்பவரை விட, அதே மூலையிலிருந்து தூரத்தில் நிற்பவர் முதலில் எதிரியைக் காண்பார். மூலைக்கு அருகில் இருப்பவரின் தோள் அவருக்கு முன்பே வெளியே தெரிந்துவிடும். இது வெறும் கோணக் கணக்கு. வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

*ஒரே இடத்தில் காத்திருக்காமல் இருப்பது.* மூத்தவர்கள் பலர் பதுங்கிக் காத்திருப்பதே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். இணைய ஆட்டத்தில் பாய்ந்து வெளியே வருபவருக்குச் சிறு சாதகம் உண்டு. அவர் வந்துவிட்ட செய்தி நம் திரைக்கு வந்து சேர்வதற்குள் அவர் நம்மைப் பார்த்துவிடுவார். ஆகவே எல்லாரும் எதிர்பார்க்கும் மூலையில் காத்திருப்பது கூடாது. எதிர்பாராத இடத்தில் நின்று, ஒருமுறை சுட்டதும் இடம் மாற வேண்டும்.

*பொருத்தமான பொறுப்பை ஏற்பது.* வேலோரண்டில் முதலில் பாயும் 'டூயலிஸ்ட்' பாத்திரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். வரைபடத்தைப் பார்த்துப் புகை போடும் பிரிம்ஸ்டோன், பொறி வைத்துக் காவல் காக்கும் சைஃபர், கில்ஜாய் போன்றவை நிதானத்துக்குப் பலன் தருபவை. கவுண்டர் ஸ்டிரைக்கில் எங்கிருந்து எறிந்தால் புகைக்குண்டு எங்கே விழும் என்று ஒருமுறை மனப்பாடம் செய்தால் அது ஆண்டுக்கணக்கில் உதவும். பப்ஜி மொபைலில் வட்டம் சுருங்கும் முன்பே நல்ல மேட்டைப் பிடிப்பது, வாகனம் ஓட்டுவது, விழுந்தவரைத் தூக்கிவிடுவது ஆகியவை குழுவைக் கடைசி வரை கொண்டுபோகும்.

*சரியாகப் பேசுவது.* "அங்க, அங்க, வந்துட்டான்" என்பதால் யாருக்கும் பயனில்லை. "இடது பக்கம், வெள்ளை வீடு, மாடி, ஒருத்தன்" என்பது பயன்படும் செய்தி. அடிபட்டு விழுந்த பிறகும் பதற்றமில்லாமல் இப்படிச் சொல்லக்கூடியவரை எந்தக் குழுவும் விடாது. வேலையிடத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கிய மண்டோருக்கு இது புதிதாகக் கற்க வேண்டிய கலையல்ல.

எவ்வளவு நேரம் பயிற்சி?

மாணவனைப் போல ஒரு நாளில் ஆறு மணி நேரம் ஆட முடியாது, ஆடவும் கூடாது. வாரத்தில் நான்கு ஐந்து நாள், ஒரு மணி நேரம் போதும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பயிற்சிக் களத்தில் குறி பார்த்துவிட்டு, பிறகு இரண்டு மூன்று ஆட்டம். எல்லா விளையாட்டையும் தொடாமல் ஒன்றை எடுத்து, அதிலும் ஓரிரு வரைபடங்களை வீட்டு முற்றம் போல் தெரிந்துகொள்ள வேண்டும். தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்லது. கோபத்தில் ஆடும் மூன்றாவது ஆட்டமும் பெரும்பாலும் தோல்விதான்.

சுடப்பட்ட ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: வேகம் போதாமல் செத்தேனா, நிற்கக் கூடாத இடத்தில் நின்று செத்தேனா? நேர்மையாகப் பார்த்தால் இரண்டாவதுதான் அதிகம் இருக்கும். அதைத் திருத்த வயது தடையில்லை.

தூக்கத்தைக் குறைத்து ஆடுவதில் லாபமில்லை. தூக்கமின்மை எந்த வயதினரின் கையையும் மெதுவாக்கும். அதிகாலை பெரட்டுக்கு எழ வேண்டியவர், லோரி ஓட்டுபவர், ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர் ஆகியோருக்கு அது ஆட்டத்தோடு முடிகிற இழப்பல்ல. நேரத்தை முன்பே முடிவு செய்து, அந்த நேரம் வந்ததும் எழுந்துவிட வேண்டும்.

பணமும் மோசடியும்

துப்பாக்கிக்கு வண்ணத் தோல், உடைப் பெட்டி என்று விளையாட்டுக்குள் விற்பவை பெரும்பாலும் தோற்றத்துக்கானவை, குறியைக் கூர்மையாக்காது. மாதம் இவ்வளவு வெள்ளி என்று வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் செயலி, தானாகக் குறி பார்க்கும் செயலி என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் ஏபிகே கோப்புகளைக் கைப்பேசியில் ஏற்றவே கூடாது. கணக்கு முடக்கப்படுவது சிறிய இழப்பு. வங்கிச் செயலி இருக்கும் அதே கைப்பேசிக்குள் திருடனை அழைத்துக்கொள்வது பெரிய இழப்பு. பணம் பறிபோனது தெரிந்தால் உடனே வங்கியையோ தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும்.

மீண்டும் அந்த ஒன்பது மணி

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். செம்பனைக்கு நடுவே வாழ்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இருபது வயது மகனை நேருக்கு நேர் நின்று வேகத்தில் வெல்வது ஐம்பது வயது தந்தையின் வேலையல்ல. அந்த மகன் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சரியாகச் சொல்வதும், அவன் விழும்போது பக்கத்தில் இருந்து தூக்கிவிடுவதும் அவரால் முடியும். அப்படிப்பட்டவரைப் பின்னால் நிற்கச் சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூரில் ஷிஃப்ட் முடித்து வந்தவன், தானே அழைத்துக் கேட்பான்: "அப்பா, ஆன்லைன்ல இருக்கீங்களா?"